மிளகாய் வந்த வழி, அம்மை போன வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். கொலம்பஸ் பாடம் நடத்தும் ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் சில கேள்விகள் தவறாமல் வரும். மாணவர்கள் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அம்மா அப்பாக்கள் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, "மிளகாய் நம்மது இல்லைன்னு சொன்னீங்களாமே" என்று ஆரம்பிப்பார்கள். ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்திலும் இதே பேச்சுதான். கேட்டவர்கள் பேசிய பேச்சிலேயே கேள்விகளைக் குறித்துவைத்துப் பதில்களோடு இங்கே தருகிறேன்.

"கொலம்பியப் பரிமாற்றம்னா அது கொலம்பியா நாட்டு விஷயமா சார்?"

இல்லை, கொலம்பஸின் பெயரை வைத்து வந்த சொல். 1492 அக்டோபரில் அவர் பஹாமாஸ் தீவுகளில் ஒன்றில் கரையேறினார். அதன்பின் அட்லாண்டிக் கடலின் இரு கரைகளுக்கும் இடையே பயிர், கால்நடை, களை, பூச்சி, கிருமி, மனிதர் எல்லாம் இடம் மாறின. இந்த மொத்த மாற்றத்துக்கும் ஆல்ஃபிரட் கிராஸ்பி என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1972இல் வைத்த பெயர் இது.

பெயர் நிலைத்துவிட்டதால் நானும் அதையே சொல்லித் தருகிறேன். ஆனாலும் 'பரிமாற்றம்' என்று சொல்லும்போதெல்லாம் மனசு உறுத்தும். இரண்டு வீட்டார் மனமொப்பிக் கொடுத்து வாங்கிக்கொண்டது போல அந்தச் சொல் ஒலிக்கிறது. ஒரு கரையில் வயிறு நிறைந்தது, மறு கரையில் ஊர் ஊராகப் பிணம் விழுந்தது. இனி வரும் பதில்களை இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

"மிளகாய் வெளிநாட்டுக் காயா? எங்க பாட்டி காலத்துலேர்ந்து அரைக்கிறோமே!"

பாட்டியின் பாட்டி காலத்திலும் அரைத்தார்கள். ஆனால் 1492க்கு முன்னால் இந்தியாவில் யாரும் மிளகாயைப் பார்த்ததில்லை. அது மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவிலும் பல ஆயிரம் ஆண்டுகள் பயிரான செடி. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல், போர்த்துக்கீசியர் கோவாவைப் பிடித்தது 1510இல். அவர்களுடைய கப்பல்களில்தான் அந்த நூற்றாண்டில் மிளகாய் இங்கே வந்தது. மிளகு போல உறைக்கும் காய் என்பதால் மிளகு காய், மிளகாய். சங்கப் பாட்டில் 'கறி' என்று வருவதும் மிளகுதான்.

திவசச் சமையலைக் கவனித்திருக்கிறீர்களா? வழக்கம் தவறாத வீடுகளில் அன்று மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றுமே அடுப்படிக்கு வராது. காரத்துக்கு மிளகு. காய்க்கு வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு. துவையலுக்குப் பிரண்டை. ஏன் என்று கேட்டால் "அதுதான் வழக்கம்" என்பார்கள். கப்பல்கள் வருவதற்கு முந்தைய நம் சமையலின் சாயலை நான் பார்ப்பது அந்த இலையில்தான்.

"அப்ப எதெல்லாம் அங்கிருந்து வந்தது, எதெல்லாம் இங்கிருந்து போச்சு?"

அங்கிருந்து வந்தவை: மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், மரவள்ளி, சர்க்கரைவள்ளி, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி, மஞ்சள் பறங்கி, சூரியகாந்தி, கோகோ, ரப்பர், புகையிலை, வான்கோழி. சாம்பல் பூசணி பழைய உலகத்துக் காய் (ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்காவைத்தான் பழைய உலகம் என்கிறோம்), அதை இதோடு சேர்க்காதீர்கள். நிலக்கடலையை மணிலாக்கொட்டை என்று சொல்லும் ஊர்கள் இன்னும் உண்டு. மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கு 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு அந்தக் கடல்வழிதான் நினைவுக்கு வரும்.

ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்காவிலிருந்து போனவை: கோதுமை, நெல், கரும்பு, வாழை, காப்பி, ஆரஞ்சு, திராட்சை. மாடு, குதிரை, பன்றி, செம்மறி, வெள்ளாடு, கோழி. கூடவே பெரியம்மையும் தட்டம்மையும்.

"அவ்வளவு பெரிய கண்டத்துல ஒரு மாடுகூட இல்லையா?"

காட்டெருமை இருந்தது, ஆனால் பழக்கப்பட்ட மாடு இல்லை. ஆண்டிஸ் மலையில் லாமா, அல்பாக்கா, கினிப்பன்றி வளர்த்தார்கள். மெக்சிகோவில் வான்கோழி. நாய் எங்கும் உண்டு. குதிரை இனம் தோன்றியதே வட அமெரிக்காவில்தான் என்றாலும், ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே அது அற்றுப்போய்விட்டது. பழைய மெக்சிகோவில் சக்கரம் வைத்த சின்ன மண் உருவங்கள் கிடைத்திருக்கின்றன. சக்கரம் தெரியும், ஆனால் வண்டியில் பூட்ட விலங்கு இல்லை. சுமை எல்லாம் மனிதர் முதுகில்தான்.

1493இல் கொலம்பஸ் இரண்டாம் முறை போனபோது 17 கப்பல்கள் சென்றன. குதிரை, மாடு, பன்றி, கரும்பு எல்லாம் அதில் ஏறின. பன்றிகள் காட்டுக்குள் ஓடி, வேட்டையாடுவார் இல்லாமல் பல்கிப் பெருகின. வேலி என்ற ஒன்று தேவைப்படாத ஊரில் மாடுகள் வெள்ளாமையில் இறங்கினால் என்ன ஆகும் என்று விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"நோய் மட்டும் ஏன் ஒரே பக்கமா போச்சு?"

பாதிப் பதில் முந்தைய கேள்வியில் இருக்கிறது. பல ஆயிரம் ஆண்டுகள் மாடும் பன்றியும் கோழியுமாக ஒரே கூரையில் வாழ்ந்தவர்களுக்கு அந்த விலங்குகளின் கிருமிகளும் தொற்றின. தட்டம்மைக் கிருமி, மாடுகளைக் கொன்ற ஒரு கொள்ளைநோய்க் கிருமியின் நெருங்கிய உறவு. நெரிசலான நகரங்களில் இவை குழந்தைப் பருவத்து நோய்களாகத் தங்கிவிட்டன. சாகிற குழந்தை செத்தது, பிழைத்ததற்கு எதிர்ப்புச் சக்தி வந்தது. அமெரிக்காவில் கூட்டமாக வாழும் வீட்டு விலங்குகள் குறைவு என்பதால் இப்படிப்பட்ட நோய்களும் குறைவு. பின்னால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அடிமைக் கப்பல்களோடு மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்துகொண்டன.

அங்கிருந்து இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லப்படும் நோய் ஒன்று உண்டு. அதைப் பறங்கிப்புண் கேள்வியில் சொல்கிறேன்.

"அவங்க உடம்பு இயல்பிலேயே பலவீனம், அதான் செத்துட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னாரே?"

இந்தப் பேச்சை ஒவ்வொரு முறையும் மறுத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். யாருமே அதுவரை சந்திக்காத நோய் ஓர் ஊரில் நுழைந்தால் குழந்தை, இளைஞர், கிழவர் எல்லோரும் ஒரே நேரத்தில் படுக்கிறார்கள். தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் கஞ்சி வைக்கவும் ஆள் இல்லை. மெக்சிகோவில் வாழ்ந்த மோட்டோலினியா என்ற ஸ்பானியத் துறவி, நோயில் தப்பியவர்கள் பட்டினியால் செத்ததை எழுதிவைத்தார். அத்தனை பேரைப் புதைக்க முடியாமல், இறந்தவர்கள் மேலேயே வீட்டை இடித்துத் தள்ளினார்கள் என்றும் எழுதினார். எந்த நாட்டு உடம்பாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். கொலம்பஸ் குடியேற்றம் அமைத்த ஹிஸ்பானியோலா தீவில் (இன்றைய ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும்) பெரியம்மை வந்ததாகப் பதிவாவது 1518 டிசம்பரில். 1514இலேயே ஸ்பானியர் எடுத்த கணக்கில் அந்த மண்ணின் மக்களான தைனோக்கள் ஏறக்குறைய 26,000 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். தங்கச் சுரங்கத்தில் கட்டாய வேலை, கைவிடப்பட்ட வயல்கள், பசி, வாள் எல்லாம் அம்மைக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டன. கிருமியின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டால் மனிதர் செய்தது மறைந்துபோகும்.

"மொத்தம் எத்தனை பேர் இறந்திருப்பாங்க?"

1492இல் இரு கண்டங்களிலும் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதிலேயே அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். 84 லட்சம் என்றவர் உண்டு, 11 கோடி வரை போனவர் உண்டு. 2019இல் வந்த ஓர் ஆய்வு ஏறக்குறைய 6 கோடி என்று கணித்து, அடுத்த ஒரு நூற்றாண்டில் 10இல் 9 பேர் இல்லாமல் போனார்கள் என்றது. வகுப்பில் இந்தக் கணக்கைச் சொல்லும்போது 10 மாணவர்களை எழுந்து நிற்கச் சொல்லி 9 பேரை உட்காரச் சொல்வேன். நிற்கும் அந்த ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு வகுப்பில் சத்தம் இருக்காது.

"சில நூறு பேர் ஒரு சாம்ராஜ்யத்தையே எப்படிப் பிடிச்சாங்க? துப்பாக்கியா, அம்மையா?"

இரண்டும் உண்டு. ஆனால் 'சில நூறு பேர்' என்பதே பாதிக் கதை. 1519இல் மெக்சிகோவில் இறங்கிய ஸ்பானியத் தளபதி கோர்தேஸோடு, அங்கே ஆண்ட அஸ்டெக்குகளைப் பிடிக்காத த்லாஸ்கலா மக்கள் ஆயிரம் ஆயிரமாகச் சேர்ந்தார்கள். அவர்கள் இல்லாமல் அவர் ஜெயித்திருக்க முடியாது. 1520இல் பெரியம்மை வந்தது. அஸ்டெக் அரசர் மொக்தெசுமாவுக்குப் பின் பட்டத்துக்கு வந்த குயித்லாவாக் ஏறக்குறைய 80 நாள் ஆண்டு அம்மையில் இறந்தார். 1521 ஆகஸ்ட் 13இல் தலைநகர் தெனோச்தித்லான் விழுந்தது.

பெருவில் கொள்ளைநோய் படைக்கு முன்னால் போனது. இன்கா அரசர் வாய்னா காபாக், ஸ்பானியர் நாட்டுக்குள் வருவதற்குள்ளேயே இறந்துபோனார். பெரியம்மை என்றுதான் பலரும் கருதுகிறார்கள். மகன்கள் இருவரும் பட்டத்துக்கு அடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டை ஓய்ந்த நேரத்தில், 1532 நவம்பரில், ஸ்பானியத் தளபதி பிசாரோ 168 பேரோடு இன்கா நகரான கஹமார்கா வந்து சேர்ந்தார்.

"வட அமெரிக்காவுல வெள்ளைக்காரங்க காலி நிலத்துலதானே குடியேறினாங்க?"

காலியாக்கப்பட்ட நிலம். திஸ்குவான்டம் என்ற ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். இன்றைய மாசசூசெட்ஸ் கடலோரத்தில் பட்டுக்ஸெட் அவருடைய ஊர். 1614இல் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவன் அவரைக் கடத்தி ஸ்பெயினில் விற்கப் பார்த்தான். அங்கிருந்து தப்பி, இங்கிலாந்து போய், ஒருவழியாக 1619இல் ஊர் திரும்பினார். ஊரே இல்லை. இடையில் வந்த ஒரு கொள்ளைநோயில் பட்டுக்ஸெட் மக்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள்.

மறு ஆண்டு மேஃப்ளவர் கப்பலில் வந்த ஆங்கிலேயர் குடியேறியது அதே இடத்தில்தான். உழுது பண்படுத்திய நிலம் தயாராகக் கிடந்தது. மக்காச்சோளம் எப்படி நடுவது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் திஸ்குவான்டம்தான். தன் மக்கள் விதைத்த மண்ணில் நின்று அவர் அதைச் சொல்லிக்கொடுத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது.

"போர்வையில அம்மையைத் தடவிக் கொடுத்தாங்களாமே, உண்மையா?"

1763இல், இன்றைய அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஆங்கிலேயர் வைத்திருந்த பிட் கோட்டையில் நடந்தது உண்மை. அம்மை மருத்துவமனையிலிருந்து இரண்டு போர்வைகளையும் ஒரு கைக்குட்டையையும் எடுத்து, பேச்சுவார்த்தைக்கு வந்த டெலவேர் பழங்குடி மக்களுக்குக் கொடுத்ததை அங்கிருந்த வணிகர் ஒருவர் தன் நாட்குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். ஆனால் அதற்குள் பெரியம்மை அமெரிக்காவுக்கு வந்து 240 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பெரும் சாவுகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே நடந்தவை.

"உருளைக்கிழங்கு ஐரோப்பாவைக் காப்பாத்துச்சா, கொன்னுச்சா?"

முதலில் காப்பாற்றியது. சின்ன நிலத்தில் நிறைய விளையும், மண்ணுக்குள் இருப்பதால் படை வந்தாலும் எளிதில் எரிக்க முடியாது. 1700 முதல் 1900 வரை பழைய உலகத்தில் கூடிய மக்கள்தொகையில் ஏறக்குறைய கால்பங்குக்கு இந்தக் கிழங்கே காரணம் என்று இரு பொருளியலாளர்கள் 2011இல் கணக்கிட்டார்கள்.

கொன்றது அயர்லாந்தில். ஆண்டிஸ் விவசாயி ஒரே நிலத்தில் பத்துப் பதினைந்து ரகங்களைக் கலந்து நடுவார், ஒன்று போனால் ஒன்று நிற்கும். அயர்லாந்து ஏழைகளோ 'லம்பர்' என்ற ஒரே ரகத்தை நம்பி வாழ்ந்தார்கள். கிழங்கு கடல் தாண்டியபோது அந்த அறிவு கூட வரவில்லை. 1845இல் கருகல் நோய் வந்ததும் வயல்கள் ஒரேயடியாக அழுகின. ஏறக்குறைய 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். 1841 கணக்கெடுப்பில் 81 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் 1851இல் 65 லட்சம் சொச்சம். அந்த ஆண்டுகளிலும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியம் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மக்காச்சோளம் சாப்பிட்டா பைத்தியம் பிடிக்கும்னு எங்கயோ படிச்சேன். வதந்திதானே?"

முழு வதந்தி இல்லை. பெல்லாக்ரா என்று ஒரு நோய். வெயில் படும் இடமெல்லாம் தோல் தடித்து உரியும், வயிற்றுப்போக்கு வரும், புத்தி பேதலிக்கும், கடைசியில் சாவு. ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் 1735இல் இதை விவரித்தார். வட இத்தாலியில் மக்காச்சோளக் களியை மட்டுமே தின்று வாழ்ந்த ஏழைகளிடம் பரவலாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் ஏழைகளை வாட்டியது. இது தொற்று இல்லை, உணவுக் குறை என்று அங்கே ஜோசஃப் கோல்ட்பெர்கர் காட்டினார். குறைந்தது நியாசின் என்ற பி வைட்டமின் என்பது 1937இல் தெளிவானது.

இதே மக்காச்சோளத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தின்ற மெக்சிகோ மக்களுக்கு இந்த நோய் வரவில்லையே, ஏன்? அங்கே பெண்கள் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவைத்து, கழுவி, பிறகுதான் அரைப்பார்கள். சுண்ணாம்பு பட்டால்தான் சோளத்துக்குள் அடைபட்டிருக்கும் நியாசின் உடம்பில் சேரும். நானே வீட்டில் செய்து பார்த்தேன். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்து வேகவைத்துவிட்டுக் காலையில் கையை விட்டால், மணியின் தோல் வழுவழுவென்று விரலோடு கழன்று வந்தது. மஞ்சள் இன்னும் அடர்ந்திருந்தது. வெள்ளையடித்த சுவர் மழையில் நனைந்த வாசனை. அம்மியில் வைத்ததும் வெண்ணெய் போல மசிந்தது.

ஐரோப்பியர் விதையை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களிடம் ஏன் சுண்ணாம்பு போடுகிறீர்கள் என்று கேட்டிருந்தால் இரண்டு நூற்றாண்டுச் சாவுகளைத் தவிர்த்திருக்கலாம்.

"இதுல அடிமை வியாபாரம் எங்க வருது?"

கரும்பில் வருகிறது. கரீபியன் மண்ணில் கரும்பு செழித்தது. ஆனால் வெட்ட ஆள் இல்லை, மண்ணின் மக்கள் எப்படிப் போனார்கள் என்று மேலே சொன்னேன். ஆப்பிரிக்காவிலிருந்து மொத்தம் ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் பேரைக் கப்பலேற்றினார்கள். உயிரோடு இறங்கியவர்கள் 1 கோடியே 7 லட்சம். மீதிப் பேர் கடலோடு போனார்கள்.

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் 1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததும் தோட்டக்காரர்கள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். தமிழர் கதை இங்கேதான் இதோடு சேர்கிறது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் போய் டர்பனில் இறங்கியவர்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் போனார்கள். கரீபியனில் உள்ள பிரெஞ்சுத் தீவுகளான மார்ட்டினிக், குவாதலூப்புக்கும் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அங்கே இன்றும் மாரியம்மன் வழிபாடு இருக்கிறது. அம்மைக்கு அஞ்சி நாம் கும்பிட்ட தெய்வம், அம்மையும் வாளும் காலியாக்கிய தீவுகளில் குடியிருக்கிறாள்.

"பறங்கிக்காய்க்கும் பறங்கிப்புண்ணுக்கும் சம்பந்தம் உண்டா?"

உண்டு, இரண்டையும் பறங்கியரோடு சேர்த்துப் பார்த்ததால் வந்த பெயர்கள். போர்த்துக்கீசியரைத்தான் பறங்கியர் என்றோம். பறங்கிப்புண் என்பது மேகநோய்ப் புண், அதாவது சிஃபிலிஸ். ஐரோப்பாவில் அது 1495இல் நேப்பிள்ஸை முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படையில் வெடித்துப் பரவியது. இத்தாலியர் 'பிரெஞ்சு நோய்' என்றார்கள், பிரெஞ்சுக்காரர் 'நேப்பிள்ஸ் நோய்' என்றார்கள். 16ஆம் நூற்றாண்டு வடமொழி மருத்துவ நூலான பாவபிரகாசம் 'பிரங்க ரோகம்' என்கிறது. இது கொலம்பஸின் ஆட்களோடு அமெரிக்காவிலிருந்து வந்ததா என்ற விவாதம் நீண்டகாலமாக உண்டு. அங்கே கிடைத்த பழைய எலும்புகளின் மரபணு ஆய்வுகள் அண்மையில் அந்தப் பக்கத்துக்கே வலுச் சேர்த்திருக்கின்றன.

"கர்நாடகாவுல ஹொய்சளர் கோயில் சிலை கையில மக்காச்சோளம் இருக்கே, அப்ப கொலம்பஸுக்கு முன்னாடியே வந்திருக்கணும்ல?"

சோமநாதபுரம் கோயிலைச் சொல்கிறீர்கள், 13ஆம் நூற்றாண்டுக் கோயில். மணிமணியாகச் செதுக்கிய ஒரு கனியைச் சில சிலைகள் ஏந்தியிருப்பது உண்மை. அதை மக்காச்சோளம் என்று வாதிட்டவர்களும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு தானியம் பயிரானால் கருகிய மணி அடுப்புச் சாம்பலில் கிடைக்கும், பாட்டில் வரும், வரிக் கணக்கில் வரும். அப்படி எதுவும் இல்லாமல் கல்லில் மட்டும் இருக்காது. முத்துக் கோத்த கற்பனைக் கனி என்றே பலரும் கொள்கிறார்கள்.

கொலம்பஸுக்கு முன் தொடர்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கனடாவின் லான்ஸ் ஓ மெடோஸில் வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் 1021இல் மரம் வெட்டியதை மரத்தின் வளையங்களைக் கொண்டு உறுதிசெய்திருக்கிறார்கள். பசிபிக் தீவு மக்களிடம் சர்க்கரைவள்ளி முன்பே இருந்தது.

"அந்த ஜனங்களுக்கு இதனால நல்லது எதுவுமே இல்லையா?"

குதிரை உண்டு. கோர்தேஸ் கொண்டுபோனவை 16. அவற்றுக்குப் பின் வந்து பெருகிய குதிரைகள் வடக்கே சமவெளிக்குப் பரவியபோது, லக்கோட்டா, கொமாஞ்சே மக்கள் ஒப்பற்ற குதிரை வீரர்களானார்கள். நவஹோ மக்கள் செம்மறி வளர்த்துக் கம்பளி நெய்தார்கள், இன்றும் நெய்கிறார்கள். வந்ததைத் தமதாக்கிக்கொண்ட திறமை அவர்களுடையது. அதற்குக் கொலம்பஸுக்கு நன்றி சொல்ல வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

"அவங்க எல்லாம் இப்ப இருக்காங்களா, முழுசா அழிஞ்சுட்டாங்களா?"

இருக்கிறார்கள். ஆண்டிஸில் பல லட்சம் பேர் கெச்சுவா பேசுகிறார்கள், உருளைக்கிழங்கின் ஆயிரக்கணக்கான ரகங்களை அவர்கள் வயல்கள்தான் இன்னும் காக்கின்றன. அஸ்டெக்குகளின் நவாட்டல் மொழியை மெக்சிகோவில் 15 லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள். தைனோக்கள் அழிந்தே போனார்கள் என்றுதான் நான் படித்த புத்தகங்கள் சொல்லின. பஹாமாஸ் குகை ஒன்றில் கிடைத்த, 1,000 ஆண்டுப் பழமையான ஒரு பெண்ணின் பல்லிலிருந்து மரபணுவை எடுத்து 2018இல் ஒப்பிட்டார்கள். அவளுடைய உறவு இன்றைய போர்ட்டோ ரிக்கோ மக்களின் உடம்பில் இருக்கிறது.

அவர்களுடைய சொற்கள் நம் வாயிலும் இருக்கின்றன. அன்னாசி, பிரேசில் கடற்கரையின் துப்பி மொழிச் சொல். பப்பாளி கரீபியன் தீவுகளின் சொல். போர்த்துக்கீசிய மாலுமிகள் கேட்டு, நம் துறைமுகங்களில் சொல்லி, நம் நாக்குக்கு ஏற்பத் திரிந்து, இப்போது தள்ளுவண்டிக்காரர் தெருவில் கூவிக்கொண்டு போகிறார்.